வாளியும் செவலைப் பசுவும்

மலை வேளாண் கல்லூரித் தோட்டத்தில், சாமைப் பயிருக்கான பஞ்சகவ்யத்துக்குச் சாணம், பால், தயிர், நெய் எல்லாம் தயார். கோமியம் மட்டும் பாக்கி. காலை ஏழு மணியிலிருந்து செவலைப் பசுவின் பின்னால் கோகுல்ராஜ் வாளியோடு குந்தியிருக்கிறான். பனி விலகி, வெயில் அவன் கழுத்தில் ஏறுகிறது. இன்று செய்முறைத் தேர்வு. “இன்னாடா, வந்துச்சா?” என்கிறார் பேராசிரியர் மோகன். “இல்லீங்க சார். இத்தினி பேர பாத்து வெக்கப்படுது.” பசு வாலைத் தூக்குகிறது. சுற்றி நிற்கும் பத்து மாணவர்களும் மூச்சை அடக்குகிறார்கள். வால் ஓர் ஈயை விரட்டிவிட்டு இறங்குகிறது. வீட்டில் மூன்று மாடு வைத்திருக்கும் நதியா, சிரிப்பைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டு முன்னால் வருகிறாள். “எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பன் இல்ல?” என்று வாலடியில் இரண்டு முறை மெல்லத் தடவுகிறாள். உடனே வாளிக்குள் சடசடவென்று மழை. கோகுல்ராஜின் முகம் மலர்கிறது. மொத்த வகுப்பும் கைதட்டுகிறது. மிரண்ட பசு ஒரே உதை விடுகிறது. வாளி காலியாக உருள்கிறது. எல்லாம் கோகுல்ராஜின் மேல். நெற்றியிலிருந்து மூக்குக்குச் சொட்டச் சொட்ட அவன் எழுந்து நிற்கிறான். “சார், சட்டைய புழிஞ்சி எடுத்துக்கலாங்களா?”