முதலிடம்

திங்கட்கிழமை காலையில் ஒருவருடைய மானத்தை வாங்காமல் அந்த நெட்வொர்க் நிர்வாகி காபியில் வாய் வைக்கமாட்டார். அலுவலகத்துக் கணினிகள் அனைத்தும் ஒரு ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் இணையத்துக்குப் போயாக வேண்டும். எந்தக் கணினி எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சர்வரின் லாக் கோப்பில் ஒரு வரி விழும்.

அந்த வரிகளைக் கூட்டிக் கணக்கெடுக்க அவரே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். வாரத்தில் அதிக வரிகளோடு முதலிடம் பிடித்தவரின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். ஊழியர்கள் அவருக்குச் சூட்டிய பெயர், சித்திரகுப்தன்.

சென்ற வாரம் பலகையில் ஏறியது அவருடைய தங்கை கணவரின் பெயர். கிடங்குப் பிரிவில் வேலை. கால்பந்து ஸ்கோர் பார்ப்பதில் பித்து. "என்ன சார், மேட்ச்ல நீங்கதான் ஆட்டநாயகனாமே?" என்று வாசல் காவலர்கூடக் கேட்டுவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேலாளர் சித்திரகுப்தனைத் தம் அறைக்கு அழைத்தார்.

"யார் யார் எவ்வளவு நெட் பயன்படுத்துறாங்கன்னு இந்த மாசக் கணக்கு முழுசா வேணும். ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்துல நெருக்குறாங்க. மூஞ்சியைப் பாத்து முடிவு பண்ண எனக்குத் தெம்பில்ல. உங்க கணக்கு பொய் சொல்லாதுல்ல?"

"என் கணக்கா சார்? எமனே வந்தாலும் திருத்த முடியாது!"

நாற்காலிக்குத் திரும்புமுன் செய்தி பரவிவிட்டது. உட்கார்ந்ததும் தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, போன வாரம் அவரைப் பலகையில தொங்கவிட்டே. மனுஷன் என் மூஞ்சிலகூட முழிக்கமாட்டேங்கிறாரு. இப்ப வேலைக்கே உலை வைக்கப்போறியா? கூடப்பொறந்தவளைத் தெருவுல நிறுத்திட்டு நீ யார்கிட்ட நல்ல பேரு வாங்கப்போறே?"

"அழாத. நான் பண்ணின தப்பை நானே சரி பண்றேன்."

உணவு இடைவேளையில் கூடம் காலியாயிற்று. அவர் லாக் கோப்பைத் திறந்தார். மாப்பிள்ளையின் கணினியிலிருந்து சென்ற வரிகளில் ஸ்கோர் பக்கங்களும் சரக்குப் பதிவுப் பக்கங்களும் கலந்து கிடந்தன. அந்த மாதம் முதல் சரக்குப் பதிவும் ஆர்டர் பதிவும் பிரவுசருக்கு மாறியிருந்தன. களை எது, பயிர் எது என்று பிரித்துக்கொண்டிருக்க அவகாசமில்லை. அந்தக் கணினியின் முகவரி உள்ள அத்தனை வரிகளையும் ஒரே கட்டளையில் அழித்தார். மாற்றுப் பிரதியையும் விட்டுவைக்கவில்லை. மூலமே இல்லாதபோது யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்?

புரோகிராமை மறுபடி ஓட்டினார். மாப்பிள்ளையின் பெயர் மருந்துக்கும் இல்லை. முதலிடத்தில் 'தறி' வந்து நின்றாள்.

ஆர்டர் பிரிவுப் பெண் அவள். விசைப்பலகையில் ஓயாமல் சடசடக்கும் விரல்களுக்காக அந்தப் பெயர். விபத்தில் இடுப்பொடிந்த கணவன் வீட்டில் படுத்திருந்தான். அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். இவையெல்லாம் சித்திரகுப்தனுக்குத் தெரியும். அப்பம் பங்கிட்ட குரங்குக்குக்கூட ஒரு கணம் கை கூசியிருக்கலாம். அவருக்குக் கூசவில்லை. கணக்கை அச்சிட்டு மேலாளர் மேசையில் வைத்துவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலை மேலாளர் அறையிலிருந்து தறிக்கு அழைப்பு வந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவள் நின்றுகொண்டே கேட்பதும், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வதும் தெரிந்தன. வெளியே வந்தவள் யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

சித்திரகுப்தன் கணினித் திரையைப் பார்த்தார். எதுவும் மனதில் படியவில்லை. கடைசியில் எழுந்துபோய் அவள் மேசையருகே நின்றார்.

"ஏம்மா, என்னை மன்னிச்சிடு. உன்னை அந்த இடத்துல ஏத்திவிட்டது நான்தான். லாக்ல கை வச்சுட்டேன். இப்பவே உள்ள போய்ச் சொல்லிடறேன். என் வேலை போனாலும் போகட்டும், உன் வேலை போகக்கூடாது."

தறி கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என் வேலை எங்கண்ணே போச்சு? என்னைப் பிரிவுத் தலைவியா ஆக்கியிருக்காங்க. சந்தோஷம் தாங்காமத்தான் அழுதேன்."

"தலைவியா? நெட்டு அதிகமா பயன்படுத்துனதுக்கா?"

"இப்ப வேலையே அதுலதானேண்ணே! எல்லாரும் ஒரே பாஸ்வேர்டுல பதியறோம். யார் எவ்வளவு உழைக்கிறாங்கன்னு உங்க கணக்குலதான் தெரியுமாம். பட்டியல்ல மேல இருக்கறவங்களுக்கு உயர்வு, அடியில இருக்கறவருக்கு ஓலைன்னு மேலாளர் மொதல்லயே முடிவு பண்ணிட்டாராம்."

அவர் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். "அப்ப... ஓலை யாருக்கு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்குத் தெரியாதா? மாசம் பூரா ஒரு வரி வேலைகூடப் பாக்கலைன்னு, உங்க மாப்பிள்ளையை அனுப்பிட்டாங்களேண்ணே!"