அது வரலைன்னா இது

பாரிஸ்காரர்கள் ஞாயிறு மதியத்துக்குள் முடிவைச் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மொத்தம் மூன்று பேரைப் பார்த்திருக்கிறார்கள், எடுக்கப்போவது ஒருவரைத்தான். காலைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து தனிஸ்லாஸ் டெலிபோன் பக்கத்து நாற்காலியை விட்டு நகரவில்லை.

அவர் மகள் மெரின் உள் அறையில் உட்கார்ந்து, சென்னைக் கல்லூரி ஒன்றின் விவரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் இரண்டு பட்டம். பயோடெக்னாலஜியில் எம்.எஸ்ஸி., கூடவே எம்.பி.ஏ. இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும்.

அப்பா ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியிருந்தார். "பாரிஸ் வந்துட்டா பாரிஸ். அது வரலைன்னா இதுல சேர்ந்துக்க." மின்துறையில் முப்பது வருஷம் லைன்மேனாக இருந்தவர். சொன்ன வார்த்தையை மாற்றிப் பழக்கமில்லாதவர்.

இந்த இரட்டைப் படிப்பைப் பற்றி நல்லதாகச் சொன்னவர்கள் குறைவு. இரண்டு படகில் கால் வைக்கிற வேலை, ஆராய்ச்சிக்காரியும் ஆக முடியாது, வியாபாரியும் ஆக முடியாது என்று பேராசிரியரே உதட்டைப் பிதுக்கினார். அம்மா ஸ்டெல்லாமேரிக்கோ, பொம்பளைப் பிள்ளை என்ன வியாபாரம் பண்ணப்போகிறது என்பதே விளங்கவில்லை.

மெரினுக்கு விளங்கியிருந்தது. பி.எஸ்ஸி. கடைசி வருஷம் வீராம்பட்டினத்துப் பக்கம் இறால் குட்டைகளுக்குப் போய், வெள்ளைப்புள்ளி நோய் இருக்கிறதா என்று சோதிக்கத் தண்ணீரும் இறாலும் எடுத்து வந்தாள். நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஒரு சோதனைப் பட்டையை அவள் துறையில் செய்தே விட்டார்கள். அது இன்னமும் ஆய்வகக் குளிர்பெட்டியில்தான் கிடக்கிறது.

குட்டை மொத்தமும் செத்து மிதந்த அன்றைக்குப் பக்கிரி என்ற பண்ணைக்காரர் கரையில் குந்திக்கொண்டு அவளிடம் கேட்டார். "இதக் கடையில வெச்சு விக்கலாமில்ல பாப்பா? மருந்துக்கடையில எல்லாம் விக்குது, இது மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

துறையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அதற்கப்புறம் மற்றவர்களுக்குத்தான் அந்தப் படிப்பு இரண்டாம்பட்சம். அவளுக்கு அது ஒன்றுதான்.

அதனால்தான் போன வியாழக்கிழமை அப்படி நடந்துகொண்டாள். கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலின் குளுகுளு அறை. எதிரே பாரிஸ்காரர்கள் மூன்று பேர். கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவே பதில் சொன்னார். அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் பிரெஞ்சில். இரண்டு வருஷம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவளுக்கு அது சின்னப் பிள்ளைக் கேள்வி. மெரின் தரையைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் அப்பா திட்டினார். பயத்தில் மறந்துபோச்சு என்று பொய் சொன்னாள்.

பதினோரு மணிக்கு டெலிபோன் அடித்தது. தனிஸ்லாஸ் பாய்ந்து எடுத்தார். கருவடிக்குப்பத்திலிருந்து அவர் தம்பி. தகவல் வந்ததா என்று கேட்டார். வந்தால் சொல்கிறேன், லைனைப் பிடித்துக்கொண்டிருக்காதே என்று வைத்துவிட்டார்.

கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டுக் கன்னியம்மாள் உள் அறையை எட்டிப் பார்த்தாள். "பாரிஸ் போறவளுக்கு எதுக்குடி இன்னும் புஸ்தகம்? எடைக்குப் போட்டுட்டுப் போயேன்."

"போனாத்தானேக்கா" என்றாள் மெரின், தலையைத் தூக்காமல்.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. ஸ்டெல்லாமேரி மீன் குழம்பை இரண்டாம் தடவை சூடு பண்ணினாள். தனிஸ்லாஸ் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

இரண்டு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தார். உள் அறை வாசலில் வந்து நின்றார். ஒரே காலையில் அவருக்கு வயசு கூடிவிட்ட மாதிரி இருந்தது.

"வேற ஆளை எடுத்துட்டாங்க போல. போவட்டும் விடு" என்றார். "காலைல மொத பஸ்ஸுக்கே கெளம்பிடலாம். சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்து வெச்சுக்க."

"நெஜமாவாப்பா?"

"சொன்னா சொன்னதுதான். அது வரல, இதுல சேரு."

மெரின் அழக்கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. அவர் அதை ஏமாற்றத்தின் அழுகை என்று எடுத்துக்கொண்டு, அவள் தலையைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போனார். பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். நாலு சுடிதாரை மடித்து வைத்தாள். மேலே அந்த விவரப் புத்தகத்தை வைத்தாள். வீராம்பட்டினத்துக்குப் போய்ப் பக்கிரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக நேரமிருக்குமா என்று யோசித்தாள்.

கூடத்தில் டெலிபோன் அடித்தது.

சோற்றுக் கையோடு அப்பா ஓடுவது கேட்டது. "சொல்லுங்க... ஆமாங்க... பரவால்லீங்க, லேட்டானா என்ன..."  பிறகு, "ரொம்ப சந்தோஷங்க. மெர்சி, மெர்சி" என்றார்.

மெரின் ஐந்தாவது சுடிதாரைக் கையில் பிடித்தபடி நின்றாள். வாசலில் வந்து நின்ற அப்பாவின் கண் கலங்கியிருந்தது. சோறு படாத இடது கையை அவர் மெதுவாக அவள் தோளில் வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு உன்னத்தான் புடிச்சிருக்காம்மா."