கூட இருப்பவர்

படிவத்தின்படி அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். சௌந்தரம், வயது 56, நோயாளி. எழிலன், வயது 31, மகன், நோயாளியுடன் கூட இருப்பவர்.

இவ்வளவையும் டேப்லெட்டில் தட்டி முடித்த பிறகுதான் கனிமொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். சிதம்பரத்தில் அன்று அவள் சரிபார்க்க வந்த ஆறாவது வீடு அது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. முன்ன மாதிரி ஆபரேஷன் முடிஞ்சு எட்டு நாள் பெட்டுல வச்சிருக்க மாட்டாங்க. செலவு ஜாஸ்தியாவுதுன்னு காப்பீட்டுத் திட்டத்தையே மாத்திட்டாங்க. ரெண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்ல பாத்துக்க ஆளு இருந்தாதான் அப்ரூவல்."

"ஆளு இல்லாதவங்க?" என்று கேட்டாள் சௌந்தரம்.

"வெயிட்டிங்ல போட்டுடுவாங்க. எப்ப கூப்புடுவாங்கன்னு அவுங்களுக்கே தெரியாது. உங்களுக்கு என்னம்மா கவல? தூணு மாதிரி புள்ள நிக்குது."

சௌந்தரம் சிரிக்கப் பார்த்தாள். கர்ப்பப்பையில் கட்டி, எட்டு மாதமாக உதிரப்போக்கு. இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

கனிமொழி ரேஷன் கார்டைப் பார்த்தாள். "பேரு இருக்கு. ஆதார் எங்க தம்பி?"

"கடையில வாங்கி வச்சிருக்காங்க மேடம்."

"எல்லா மொதலாளியும் இதத்தான் பண்றானுங்க."

"தம்பி, மேடத்துக்கு டீ போட்டுக் குடு" என்றாள் சௌந்தரம்.

அவன் அடுப்படிக்குள் போனான். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு மூடி கீழே விழுந்தது.

"சக்கர எங்க?"

"மேல் தட்டுல, பச்ச டப்பா."

"எங்க வூட்லயும் இதே கததான்" என்றாள் கனிமொழி. "கல்யாணமாயி பத்து வருஷம். சக்கர டப்பா எங்க இருக்குன்னு எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. ஆம்பளைங்க அடுப்படிக்கு விருந்தாளிங்கம்மா."

டீயோடு வந்தவன் வழியிலிருந்த தண்ணீர்க் குடத்தை ஒரு கையால் நகர்த்தினான். அப்படியே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். வெயிட்டு தூக்குனது."

"பாத்துப்பா. நீயும் போயி படுத்துக்கினா யாரு யாரப் பாக்கறது?"

கனிமொழி மட்டும் சிரித்தாள். பிறகு கேள்விகளை ஆரம்பித்தாள்.

"ராத்திரில பாத்ரூமுக்கு யாரு புடிச்சுக்கினு போவாங்க?"

"நான்தான்."

"கஞ்சி வைக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

"நெசத்த சொல்ற ஆம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று ஒரு டிக் போட்டாள். "போட்டோ ஒண்ணு வேணும், வீட்டுக்குள்ள எடுத்தாதான் ஏறும். ரெண்டு பேரும் ஒண்ணா நில்லுங்க. இன்னும் கிட்ட. என்ன தம்பி, பஸ்ல நிக்கற மாதிரி நிக்கற? அம்மா தோள்ல கை போடு."

கை வந்து விழுந்தது. காய்த்துப்போன, கனமான கை. நாலு வருடத்தில் ஆஸ்பத்திரி நர்சைத் தவிர அவளை யாரும் தொட்டதில்லை. சௌந்தரம் கேமராவை மட்டும் பார்த்தாள்.

"முடிஞ்சுதும்மா. ரெண்டு நாள்ல அப்ரூவல் மெசேஜ் வரும்." கனிமொழி எழுந்தாள். "நாளைக்கு கடலூர்ல, தேவனாம்பட்டினம் பக்கம் இதே வேல. நல்லவேள, அது தங்கராசு சார் ஏரியா. அந்த வெயில்லேர்ந்து நான் தப்பிச்சேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஸ்கூட்டி சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை சௌந்தரம் வாசலிலேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, உள்பூட்டையும் பூட்டினாள்.

அவன் இன்னும் சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தான், யாராவது உட்காரச் சொல்லட்டும் என்பதுபோல.

"உக்காருங்க தம்பி" என்றாள் சௌந்தரம். "நாளைக்கு தேவனாம்பட்டினத்துல உங்க வூட்டுக்கு சரிபாக்க வர்றவரு என்னயக் கேப்பாரே, உங்க அம்மா பேரு என்ன?"