ஃப்ரிட்ஜ் போன் பண்ணுமா?

"ஏங்க, ஃப்ரிட்ஜ் போன் பண்ணுமா?" என்று கேட்டாள் மனைவி.

கணவர் நிமிரவில்லை. பதிப்பகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துபவர். கோடையில் போகப்போகும் ஜீப் பயணத்தின் திட்டத்தை ஒரு தாளில் எழுதி, கையில் சிவப்புப் பேனாவோடு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். வியாழன் காலை புறப்பாடு. வெள்ளி, கணவாய். சனி, பனி ஏரி. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வீடு. கடைசி வரி: 'எட்டு மணிக்குள் நாங்கள் திரும்பாவிட்டால் மலை மீட்பு நிலையத்துக்குத் தெரிவிக்கவும்.' பக்கத்தில் தொலைபேசி எண்.

"ஒரு பிழைகூட இல்லை" என்றார் திருப்தியாக. "மலைப்பாதைல ஜீப் ஓட்டறவங்க எல்லாரும் இப்படி ஒரு தாளை வீட்ல விட்டுட்டுத்தான் கிளம்புவாங்க. மேல போயிட்டா செல்போன் எடுக்காது. நாம இதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போகலாம்."

"வீட்ல ஆள் இருக்கிறவங்க விட்டுட்டுப் போவாங்க. இங்க இருக்கிறதே நாம ரெண்டு பேர். நாம வரலைன்னு நாமளேவா போய்ச் சொல்றது?"

ஜீப்பை ஓட்டப்போவது அவள்தான். பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் டீச்சர். அவர் வரைபடம் பார்ப்பதோடு சரி.

"எதிர்வீட்டு டாக்டர்கிட்ட வேணா கொடுக்கலாமா?"

"யாரு, அந்தப் பல் டாக்டரா? நம்ம ஜீப் அவர் கேட்டை மறைக்குதுன்னு ஏழு மாசமா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாரு. நாம வரலைன்னா, கேட்டுக்குக் காத்து வருதுன்னு நிம்மதியா தூங்குவாரு!"

தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது.

புதன்கிழமை மாலை. ஜீப்பின் மேல் கூடாரத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் தெருவைத் தாண்டி வந்தார். ஏழு மாதத்தில் முதல் தடவை.

"எத்தனை நாள் சார்?"

"நாலு நாள் டாக்டர்."

"அப்போ வீடு பூட்டித்தான் கிடக்குமா?"

கணவர் பாதை, கணவாய், ஏரி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். சமையலறை ஜன்னலில் நின்ற மனைவி பல்லைக் கடித்தாள்.

"வீட்டுக்கு ரெண்டு பூட்டு வாங்கினீங்களே, உங்க வாய்க்கு ஒண்ணு வாங்கக் கூடாதா?" என்றாள், அவர் உள்ளே வந்ததும்.

மறுநாள் விடியற்காலை அவள் வாசல் கதவைத் திறந்தபோது பல் டாக்டர் ஜீப்பின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தார். இவளைப் பார்த்ததும் எதையோ கைக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். பிரேக், நட்டு, டயர் எல்லாவற்றையும் சோதித்தாள். கோளாறு எதுவும் தெரியவில்லை. மனசுதான் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம், திரும்பும் வழியில், ஓடையைக் கடக்கும்போது 'டமார்' என்றது. ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நாற்பது கிலோமீட்டருக்கு வீடு வாசல் இல்லை.

"பின்சக்கரம்தான்! அந்த டாக்டரோட வேலை. அன்னிக்கே நினைச்சேன்."

மாலையில் பனிக்காற்று இறங்கியது. இருந்த ஒரே கம்பளியை இருவரும் சேர்ந்து போர்த்திக்கொண்டார்கள். அவளுக்கு விரல்கள் மரத்துப்போயின. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள்.

"கடவுள் யாரையாவது அனுப்புவாருங்க."

"யாரை? ஃப்ரிட்ஜையா?" என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

திங்கள் விடியும்போது மீட்பு வண்டி வந்தது. மீட்புக்காரர் சூடாகக் குடிக்கக் கொடுத்துவிட்டு, குனிந்து ஜீப்பின் அடியைப் பார்த்தார்.

"பாறை இடிச்சு ஆக்சில் உடைஞ்சிருக்கு. யார் ஓட்டினது? ரொம்ப வேகமா இறக்கியிருக்காங்க."

டிரைவிங் ஸ்கூல் டீச்சர் மலையை ரசித்தாள்.

"உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார் கணவர்.

"நேத்து சரியா எட்டு மணிக்கு ஒருத்தர் போன் பண்ணாரு. மொதல்ல ஏதோ சலூனுக்குப் போயிடுச்சாம். விடாம விசாரிச்சு எங்களைப் பிடிச்சிருக்காரு. நீங்க போன வழியை அப்படியே சொன்னாரு. பேர்தான் சொல்லலை. 'ரெண்டு பேரும் நல்லபடியா வந்துடுவாங்கல்ல?'ன்னு ரெண்டு தடவை கேட்டாரு."

மனைவியின் கண் கலங்கியது. "அந்த நல்ல மனுஷனைப் போய் நான் என்னெல்லாம் நினைச்சேன்!"

அன்று மாலை ஊர் திரும்பியதும், வீட்டைக்கூடத் திறக்காமல், ஒரு கூடை ஆப்பிளோடு, கணவரையும் இழுத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனாள்.

"டாக்டர், என்னை மன்னிச்சுடுங்க. அன்னிக்கு நீங்க டயர்கிட்ட உட்கார்ந்திருந்தப்போ..."

"ஆணி கிடந்துதும்மா. உங்க டயர்ல ஏறிடுமேன்னு எடுத்தேன். கையில பார்த்தா, நானே கொண்டுவந்து போட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்து ஓடிட்டேன்."

"ஆணியை எடுத்ததுக்கும், போன் பண்ணி எங்க உயிரைக் காப்பாத்தினதுக்கும் சேர்த்து இந்த ஆப்பிள்."

"போனா? நான் பண்ணலையே!" டாக்டர் விழித்தார். "ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு உங்க வீட்ல விளக்கு எரிஞ்சுது. சொன்ன மாதிரி வந்துட்டீங்க, ஜீப்பைக்கூட என் கேட்டை மறைக்காம வேற எங்கயோ விட்டுட்டீங்கன்னு நினைச்சு நிம்மதியா தூங்கிட்டேன்."

ஆப்பிள் கூடையை அவரிடமே கொடுத்துவிட்டு இருவரும் ஓடினார்கள்.

முன்கதவில் இரண்டு பூட்டும் பத்திரமாகத் தொங்கின. பின்கதவு திறந்து கிடந்தது. பீரோவில் நகை இல்லை, வெள்ளிச் சாமான் இல்லை, சுவரில் கடிகாரம்கூட இல்லை. ஃப்ரிட்ஜில் தாள் மட்டும் இருந்தது. அதில், மீட்பு நிலையத்தின் எண்ணில் தப்பாக இருந்த ஒரே ஓர் இலக்கத்தை யாரோ சிவப்பு மையில் அடித்து, மேலே சரியானதை எழுதியிருந்தார்கள்.

அந்த வீட்டில் திருடன் எடுத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போன ஒரே பொருள், அந்தச் சிவப்புப் பேனாதான்.