நீரோட்டத்தில் பிடித்த கை

காணொளியில் அந்தப் பெண்ணின் கை கணவர் பரமேஸ்வரனின் கையை விடவே இல்லை. ஊதா நகப்பூச்சு போட்ட கை. அமுதவள்ளி மூன்றாவது முறையாகப் பார்த்தாள்.

ரெடாங் தீவுக் கடலடியில் பவளப்பாறைகள் மெல்ல நகர்ந்துபோயின. இருவரும் நீந்தவில்லை, நீரோட்டம் கொண்டுபோன பக்கம் மிதந்துபோனார்கள். ஒவ்வொரு பாறையருகிலும் அவர் முகமூடி உரசும் அளவுக்குக் குனிய, அந்தக் கை அவரைப் பின்னுக்கு இழுத்தது.

கேட்டபோது அவர் தடுமாறவில்லை. கடலுக்குள் தனியாக இறங்க விடமாட்டார்களாம், ஜோடியாகத்தான் போக வேண்டுமாம். அவள் பெயர் சிந்துஜாவாம். நீரோட்டத்தில் பிரிந்துவிடாமலிருக்கக் கையைப் பிடித்துக்கொள்வார்களாம்.

"நாப்பத்தெட்டு வயசுல இது என்னங்க புது ஆசை?"

"இப்பவே பார்த்துடணும்னு தோணுச்சு, அமுதா."

அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சில மாதங்களாகவே அப்படித்தான். அவள் காதோரம் வேறு யாரோ நிற்பதுபோல அந்தப் பக்கம் பார்த்தே பேசுகிறார். இருபது வருடம் பார்த்த முகம் சலித்துவிட்டதா என்று, குளியலறைக் கண்ணாடி முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள்.

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் முகுந்தனிடம், பேச்சுவாக்கில் விசாரிப்பதுபோல, சனிக்கிழமைகளிலும் வேலை, இவருக்கு ஓய்வில்லையே என்று சொல்லிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை ஓ.டி. நிப்பாட்டி மூணு மாசம் ஆச்சுலா, அக்கா" என்றான் அவன்.

அன்றே ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். கண்ணால் பார்த்துவிட்டால், அப்படியே ரவாங்கில் தங்கை வீடு. திரும்பி வருவதாக இல்லை.

சனிக்கிழமை காலை கிள்ளானில் அவர் ஏறிய அதே ரயிலில், பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். கே.எல். சென்ட்ரலில் ஒருத்தி அவருக்காகக் காத்திருந்தாள். அதே ஊதா நகங்கள்.

இருவரும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தார்கள். பட்டப்பகலில், தெரிந்தவர்கள் பத்துப் பேராவது எதிர்ப்படும் தெருவில், அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனார். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போதுகூட மனைவிக்கு நாலடி முன்னால் நடந்தவர்.

அமுதவள்ளி துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். தெருவின் மறுபக்கமாக வேகமாக நடந்து, அவர்களை முந்தி, ஒரு பூக்கடையருகே குறுக்கே போய் நின்றாள்.

சிந்துஜா நின்றாள். அவரும் நின்றார்.

அமுதவள்ளி வாயைத் திறக்கவில்லை. முதல் பொய்யை அவரே சொல்லட்டும். கையெட்டும் தூரத்தில், அவர் முகத்தில் பயத்தைத் தேடினாள். பயமில்லை, வெட்கமுமில்லை. வழியில் எதிர்ப்படும் யாரோ ஒருவருக்குத் தரும் மரியாதையான புன்னகை மட்டும் இருந்தது.

அவர் பக்கத்தில் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"சிந்துஜா, முன்னுக்கு நிக்கிறது ஆம்பளையா, பொம்பளையா?"