இலைக்குக் குடை

இடைவேளை முடிந்து வெகுநேரம் ஆகியும் ஒரு விசில் இல்லை. ஒரு கைதட்டல் இல்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். அடடா, அதுவல்லவா கொட்டாவி! உள்ளே ஒரு ஆம்னி பஸ்ஸைத் திருப்பிவிடலாம். எழுந்துபோய் அவனுக்குப் பொன்னாடை போர்த்தலாமா என்றிருந்தது.

படம், அறிவுடைநம்பி எடுத்த படம்.

வாரப் பத்திரிகையில் காலமெல்லாம் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த அதே அறிவுடைநம்பி. ஓய்வுபெற்ற கையோடு தானே இயக்குநராகிவிட்டார். மற்ற விமர்சகர்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டு ஆஹா என்றார்கள், ஓஹோ என்றார்கள். கையிலிருந்த நட்சத்திரம் போதாமல் வானத்தில் ஏணி வைத்துப் பறித்ததாகக் கேள்வி.

கொட்டாவியை ரசித்த அவரும் ஒரு காலத்தில் படம் எடுத்தவர்தான்.

மகன் வரமாட்டான் என்று தெரிந்தும் ஒரு அம்மா முற்றத்தில் இலை போட்டுச் சோறு பரிமாறுவாள். மழை பிடித்துக்கொள்ளும். தான் நனைந்துகொண்டே இலைக்குக் குடை பிடிப்பாள். அதுதான் கடைசிக் காட்சி. பின்னணியில் நாற்பது வயலின்.

சனம் அழுத அழுகையில் தரை டிக்கெட்காரர்கள் நீந்தித்தான் வெளியே வந்தார்கள். போன ஊரிலெல்லாம் நூறு நாள்.

அறிவுடைநம்பி நூற்றுக்குப் பதினெட்டு மதிப்பெண் போட்டார். கீழே ஒரு வரி.

'இலைக்குக் குடை பிடிக்கும் இவர் இயக்குநர் அல்ல, கண்ணீர் வியாபாரி.'

நூறு நாள் ஓடியதை ஊர் மறந்தது. அந்த வரியை ஒருத்தர் மறக்க வேண்டுமே! மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தியே அதைச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த படத்தில் அவர் யாரையும் அழவிடவில்லை. படம் படுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் படமே இல்லை.

அதனால்தான் இன்றைக்கு முதல் நாள், முதல் காட்சி. படம் விட்டதும் வாசலில் யூடியூப்காரர்கள் மைக்கோடு நிற்பார்கள். வெளியே வருகிறவர்களை மறித்து, படம் எப்படி என்பார்கள். ஒரே ஒரு சொல் போதும்.

பதினெட்டு.

குளியலறையில் ஒத்திகை பார்த்துப் பார்த்து, பக்கெட்டுக்கே அது மனப்பாடம்.

திரையில் மழை பெய்தது.

ஒரு அம்மா. ஒரு தட்டு. தட்டில் சோறு.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் கம்பி பிய்ந்த கறுப்புக் குடையை விரித்தாள். தட்டின் மேல் பிடித்தாள்.

வயலின் மட்டும் இல்லை. வெறும் மழைச் சத்தம்.

அடப்பாவி.

கொட்டாவிக்காரன் வாயை மூடிவிட்டான். செல்போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பக்கத்து சீட் அம்மாள் மூக்கைச் சிந்திய வேகத்தில் ஸ்பீக்கரே ஒருமுறை அதிர்ந்தது.

அவர் பல்லைக் கடித்தார். அது தன் அம்மா, தன் மழை, தன் குடை என்று உள்ளே கத்தினார்.

கைக்குட்டையை எப்போது வெளியே எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

வாசலில் மைக் பிடித்த பெண் சரியாக அவரைத்தான் மறித்தாள்.

"ஐயா, படம் எப்படி இருக்கு? நூத்துக்கு எவ்ளோ குடுப்பீங்க?"

நுனிநாக்கில் பதினெட்டு.

அப்போதுதான் தூணோரம் நின்ற ஆள் கண்ணில் பட்டார். தொப்பி. மூக்குவரை முகக்கவசம். எத்தனை மூடினாலும் அந்தக் கண் தெரியாதா?

அறிவுடைநம்பி.

கைதட்டலை வைத்துப் படத்தை எடை போடாதீர்கள் என்று வாராவாரம் எழுதியவர். இப்போது சனம் என்ன சொல்லுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அந்தக் கண்களும் அவரைக் கண்டுகொண்டன. வேண்டாமே என்று கெஞ்சின.

அவர் பதினெட்டை விழுங்கினார். அதைவிட ருசியான ஒன்று கிடைத்துவிட்டது.

"நூத்துக்கு நூறும்மா. அந்தக் குடை சீன் ஒண்ணு போதும். பாறாங்கல்லுகூடத் தேம்பி அழுதுரும்."

"சூப்பர்ங்கய்யா! நீங்க என்ன பண்றீங்க?"

"முன்னாடி ஒரு வியாபாரம் பண்ணிட்டிருந்தேன். கண்ணீர் வியாபாரம். இப்ப அந்தக் கடைய அவருதான் எடுத்து நடத்துறாரு." தூணைக் காட்டினார். "அதோ, டைரக்டர். தொப்பி போட்டுட்டு நிக்கிறாரு பாரு."

மைக்குகள் அத்தனையும் திரும்பின.

எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு பக்கத்து சீட் அம்மாள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். அறிவுடைநம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, இப்படி அழ வச்சுட்டியே! நல்லா இருப்பேப்பா!"

கையை உருவ முடியவில்லை அவரால். முகக்கவசம் மெல்ல நனைந்துகொண்டிருந்தது.

பழைய கண்ணீர் வியாபாரி அதை ஆற அமர, கண் குளிரப் பார்த்தார். சிரித்தபடியே டிக்கெட் கவுண்டருக்கு நடந்தார்.

"அடுத்த ஷோவுக்கு ஒண்ணு குடும்மா."

டிக்கெட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். கைக்குட்டையைப் பிழிந்து, வரிசைக் கம்பியில் விரித்துப் போட்டார்.

மணி அடிப்பதற்குள் காய வேண்டும்.