இன்னும் ஐந்து வாரம்

“கையெழுத்துப் போடுவியா, மாட்டியா? அதைச் சொல்லு மொதல்ல!”

நார்சிசா கத்திய கத்தலில், கரும்பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கடல் ஓணான்களில் இரண்டு தலையைத் தூக்கிப் பார்த்தன.

ரப்பர் படகில் பன்னிரண்டு சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். அத்தனை பேரும் ஜெர்மன்காரர்கள், ஒருவருக்கும் ஸ்பானிய மொழி தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் கப்பலிலிருந்து இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

தொப்பிக்காரர் ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார்.

“அலை உள்வாங்குதாம். கரைக்கு ரொம்பக் கிட்ட போக முடியாதுன்னு படகோட்டி சொல்றார்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு சிரிப்பையும் வைத்தாள் நார்சிசா. வழிகாட்டி வேலைக்கு வந்து பதினைந்து வருடம். முதுகுக்குப் பின்னால் எரிமலை புகைந்தாலும் சிரிக்கத் தெரியும்.

அலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத அந்தப் படகோட்டி எலோய், அவள் கணவன். கடலுக்கு அந்தப் பக்கம், மான்டா ஊர்க்காரன்.

வெளியூர்க்காரர்கள் கலாபகோஸில் நினைத்தபடி குடியேறிவிட முடியாது. தீவில் பிறந்தவரைக் கட்டிக்கொண்டால் தங்கலாம். அப்போதும் பத்து வருடம் குடும்பம் நடத்தினால்தான் நிரந்தர அட்டை. இடையில் பிரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வரும் ஜூன் பதினான்கோடு பத்து வருடம். நார்சிசாவின் சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது. கல்யாண நாள் கொண்டாடுவதற்காகப் போட்ட வட்டம் இல்லை அது.

அட்டை வந்த மறுமாதமே பெண்டாட்டியை விட்டுப் போனவர்கள் என்று ஊரில் நான்கு பேரைச் சொல்வார்கள். ஐந்தாவது இடத்தை எலோய்க்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். மான்டாவில் ஒருத்தி இருக்கிறாளாம், அவனுக்காக மாடியில் அறை கட்டுகிறாளாம். மீன் சந்தையில் அதைப் பார்த்தவர் யாருமில்லை. சொல்லாதவரும் யாருமில்லை.

அவன் விட்டுப் போவதற்கு முன்னால் தானே விவாகரத்து வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஐந்து வாரம் பொறுத்துக்கொள் என்று கெஞ்சுவான், அட்டைக்காகத்தான் இத்தனை நாள் இருந்தான் என்பது அதிலேயே வெளுத்துவிடும் என்பது அவள் கணக்கு.

எலோய் இன்ஜினை அணைத்தான். பாறை முனையில் ஒரு நீர்க்காகம், பறக்க உதவாத குட்டைச் சிறகுகளை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கேமராக்களும் திரும்பின.

“ஆண் பறவைதான் கூட்டுக்குக் கடற்பாசி சுமந்து வரும்” என்றாள் நார்சிசா, பயணிகளுக்கான குரலில். “குஞ்சு கொஞ்சம் தேறியதும் பெண் பறவை அதை அப்பன் தலையில் கட்டிவிட்டு வேறு ஜோடி தேடிப் போய்விடும்.”

படகு குலுங்கச் சிரித்தார்கள். எலோய்க்கும் அந்த அளவு ஆங்கிலம் புரியும். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

“போடுறேன்” என்றான்.

“என்னத்த?”

“கையெழுத்த. புதன்கிழமை கரை சேர்ந்ததும் போடுறேன். பத்து வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு நாள் எண்ணியிருக்க. நான் எண்ணல, நார்சி.”

ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லை. அப்படியென்றால் மான்டாக்காரி நிஜம்தான் என்று தீர்மானித்துவிட்டாள். கெஞ்சியிருந்தாலும் அட்டைக்காகத்தான் என்று தீர்மானித்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

தொப்பிக்காரர் மறுபடி கேட்டார். படகோட்டிக்குத் தலைவலி என்று சொல்லி வைத்தாள்.

புதன்கிழமை நோட்டரி அலுவலகத்தில் குமாஸ்தா கல்யாணப் பத்திரத்தைப் படித்தார். செப்டம்பர் ஒன்பது என்று வந்ததும் நார்சிசா குறுக்கே பாய்ந்தாள்.

“ஜூன் பதினாலு. மாதா கோயில்ல. ஊருக்கே ஆட்டுக்கறி போட்டோம், நீங்களும் ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க.”

“சாப்பிட்டேன், இல்லைங்கல. ஆனா சீமாட்டி, ஆபீசுல பதிஞ்சது அதுக்கு முந்தின செப்டம்பர்ல. சட்டத்துக்கு அதுதான் கல்யாணம்.”

ஞாபகம் வந்தது. எலோயின் காகிதத்துக்காக ஒரு மதிய இடைவேளையில் கப்பல் சீருடையோடு, ஈரக் காலணியோடு ஓடிப்போய் பத்து நிமிடத்தில் பதிந்துவிட்டு வந்தது. அதை யார் கல்யாணம் என்பார்கள்? இந்த ஊரில் பந்தி போட்ட நாள்தான் கல்யாண நாள்.

அப்படியானால் பத்து வருடம் போன செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது.

குமாஸ்தா அடையாள அட்டை கேட்டார். எலோய் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். காலாவதித் தேதி இல்லாத நிரந்தர அட்டை. கொடுத்த தேதி மட்டும் இருந்தது: செப்டம்பர் இருபத்தாறு.

எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவன் அதே படகை ஓட்டினான், அவள் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏறி அடைத்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வாழைக்காய் பொரித்துக் கொடுத்தான்.

பேனா அவள் கையில் இருந்தது. பின்னால் வரிசையில் மீன் சந்தையில் பாதி நின்றது.

போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை விமானத்தில் எலோய் போனான். மான்டாக்காரி அவனுடைய அக்காள் என்று பிற்பாடு தெரியவந்தது. அவள் வீட்டுக்கு மாடியே கிடையாதாம்.

மறு வருடம் நார்சிசா, இசபெலா தீவில் பிறந்த ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு அட்டை, கிட்டை எதுவும் தேவையில்லை.

எலோய் நினைத்தால் நாளைக்கே தீவுக்குத் திரும்பலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். நான்கு வருடம் ஆகிறது. வரவில்லை.